தியான வகுப்பும் தகர வில்லையும்

வணக்கம் ஐயா,

ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் காவேரிப்பட்டணம், பர்கூர், ராயக்கோட்டைப் பக்கத்துப் பெண்கள். எப்போதும் சோர்வு, அடிக்கடி விடுப்பு, ஆறே மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். சனிக்கிழமைகளில் தியான வகுப்பு வைத்தோம், பலனில்லை. நல்ல மனநலப் பயிற்சியாளர் யாரையாவது சொல்ல முடியுமா?

ச., ஓசூர்

அன்புள்ள ச.,

வகுப்பு ஷிப்ட் நேரத்திலா, ஷிப்ட் முடிந்த பிறகா? முடிந்த பிறகு என்றால் அந்தப் பெண்களுக்கு அது சம்பளமில்லாத இன்னொரு ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை.

இருபது வயதில் கிருஷ்ணகிரி அருகே ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் ஒரு சீசன் முழுக்க எடை எழுதினேன். பெங்களூரா மாம்பழம் ஏற்றிய லாரிகள் வாசலில் வரிசைகட்டும் ஜூன் மாதம். உள்ளே பெண்கள் ஈரத் தரையில் நின்றபடி பழத்தின் காம்பையும் அழுகலையும் சீவித் தள்ளுவார்கள். கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். அதற்கு மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் வந்துவிடுவார்கள். அவர்களால் தாங்க முடியாமல் போனது மேஸ்திரியின் மேசைமேல் கிடந்த ஒரு தகர வில்லை. கழிப்பறைக்குப் போக அதைக் கேட்டு வாங்க வேண்டும். நாற்பது பேருக்கு ஒன்று. அத்தனை ஆண்களுக்கு நடுவே போய்க் கேட்கக் கூசியவர்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். காலையில் நிரப்பிய பானை மாலையிலும் தளும்பிக்கொண்டிருக்கும். நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாகப் படுத்தவர்களின் பெயருக்கு நேரே ‘ஆப்சென்ட்’ என்று எழுதியது என் கைதான்.

லண்டனில் 1967-இல் ஆண் அரசு ஊழியர்கள் சுமார் 18,000 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். எல்லாரும் அரசு அலுவலகங்களில் நிலையான வேலையில் இருந்தவர்கள். ஆனாலும் கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறந்த விகிதம் உயரதிகாரிகளைவிட மூன்று மடங்குக்கும் மேல். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்த பிறகும் பெரும்பகுதி வேறுபாடு மிஞ்சியது. 1985-இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய அடுத்த ஆய்வில் ஒரு முக்கியக் காரணம் பிடிபட்டது: தன் வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்பதில் தனக்குச் சொல்லே இல்லாத நிலை. அந்தத் தகர வில்லையைத்தான் அவர்கள் புள்ளிவிவரமாக எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

உட்காரும் விஷயத்தையே பாருங்கள். நின்று வேலை செய்பவர்களுக்கு இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. நம் ஜவுளிக்கடைப் பெண்களுக்கு அந்த முக்காலி சட்டமாக வர 2021 ஆயிற்று. உங்கள் லைனில் முக்காலி இருக்கிறதா? இருந்தால், அதில் யாராவது உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?

ஓ.டி. உண்டென்று உங்கள் ஆலையில் எப்போது சொல்கிறார்கள்? ஆறு மணி ஷிப்டுக்குக் காவேரிப்பட்டணத்துப் பெண் நாலரைக்குள் கம்பெனி பஸ் ஏறியாக வேண்டும். இரண்டு மணிக்கு முடியும் ஷிப்டில் ஒன்றே முக்காலுக்கு வந்து “இன்று ஆறு வரை” என்றால், பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்குக் கதவு திறப்பது யார்? அந்தக் கவலையோடு மூச்சை இழுத்துவிட்டு என்ன ஆகப்போகிறது?

பயிற்சியாளர் இப்போதைக்கு வேண்டாம். ஓ.டி.யை முதல் நாளே அறிவியுங்கள், வேண்டாம் என்பவர் பெயரைக் குறித்துவைக்காதீர்கள். ஒரு மாதம் கழித்து விடுப்புக் கணக்கைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.