பின் ஷாக் அப்சார்பரை எந்தப் படியில் வைப்பது? வேலூர் நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

காட்பாடியிலிருந்து: அண்ணே, என் எடை 58 கிலோ. ஸ்பிளெண்டரில் தனியாகத்தான் போகிறேன். ரோடு மோசம் என்று மெக்கானிக் பின் ஷாக்கை ஐந்தாவது படிக்கு ஏற்றிவிட்டார். இப்போது முதுகு வலிக்கிறது.

தம்பி, இன்றைக்கே முதல் படிக்கோ இரண்டாவது படிக்கோ இறக்கிவிடுங்கள். ஷாக்கில் உள்ள வளையத்தைத் திருப்பிப் படியை ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறுவதே இல்லை. அதை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைக்கிறோம் என்பது மட்டும்தான் மாறுகிறது, அதனால் வண்டி நிற்கும் உயரம் மாறுகிறது. ஐந்தாவது படியில் நீங்கள் ஏறி உட்கார்ந்தாலும் ஷாக் கொஞ்சம்தான் அமுங்கும். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்க இடமிருக்காது. சின்ன மேட்டின் அடியும் நேராக இடுப்புக்கு வரும்.

சரியான படியைக் கண்டுபிடிக்க ஒரு டேப் போதும். சென்டர் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரம் தரையைத் தொடாதபடி வைத்து, பின் அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். அப்புறம் வண்டியை இறக்கி, கால்களை ஃபுட்ரெஸ்டில் வைத்து உட்காருங்கள். ஒருவர் வண்டியைப் பிடிக்க, இன்னொருவர் அதே இடத்தை அளக்கட்டும். பின் சக்கரத்தின் மொத்த மேல் கீழ் அசைவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கியிருக்க வேண்டும். அசைவு 90 மி.மீ. என்றால் 23 முதல் 30 மி.மீ. வரை. அதைவிடக் குறைவாக இறங்கினால் படியைக் குறையுங்கள், அதிகமாக இறங்கினால் ஏற்றுங்கள்.

ஆற்காட்டிலிருந்து: இதை வீட்டிலேயே செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். கொக்கி போன்ற ஹூக் ஸ்பேனர் பல வண்டிகளின் டூல் கிட்டிலேயே இருக்கும். சைலன்சர் ஆறியபின் சென்டர் ஸ்டாண்டு போட்டு, வளையத்தில் படிந்த மண்ணை பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, ஒவ்வொரு படியாகத் திருப்புங்கள். இரண்டு பக்கமும் ஒரே படியில் நிற்க வேண்டும், இது ரொம்ப முக்கியம். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. வளையத்தின் பள்ளங்கள் தேய்ந்துவிட்டால் அப்புறம் ஸ்பேனர் பிடிக்காது.

குடியாத்தத்திலிருந்து: மனைவியோடு லுங்கி பண்டலும் ஏற்றிப் போகிறேன். வேகத்தடையில் 'டங்' என்று அடிக்கிறது.

ஷாக் முழுதாக அமுங்கி அடிதட்டுகிறது. நான்காவது படியில் வைத்துப் பாருங்கள், போதாவிட்டால் ஐந்து. பின் டயர் காற்றையும் இரண்டு பேருக்கான அளவுக்கு ஏற்றுங்கள். அந்த அளவு வண்டியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் வெளிச்சம் மேலே தூக்கி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும், படியை ஏற்றினால் அதுவும் குறையும். தனியாகப் போகும் நாளில் மறக்காமல் இறக்கிவிடுங்கள். ஐந்தாவது படியிலும் அடிதட்டினால் பண்டலைக் குறைப்பதைத் தவிர வழியில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து: எல்லாப் படியிலும் வைத்துப் பார்த்துவிட்டேன். வண்டி துள்ளிக்கொண்டே போகிறது.

இது படியால் தீராது. சீட்டின் பின்பக்கத்தைப் பலமாக அமுக்கி விடுங்கள். ஒரே முறை எழுந்து அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக்கின் உள்ளே இருந்த ஆயில் வெளியேறியிருக்கிறது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது அந்த ஆயில்தான். ஷாக்கின் கம்பியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்றிவிடுங்கள். கேஸ் நிரப்பிய ஷாக்கைக் கழற்றிப் பிரிக்க முயலவே வேண்டாம், உள்ளே அழுத்தம் இருக்கிறது.

சத்துவாச்சாரியிலிருந்து: அண்ணா, ஸ்கூட்டரில் இந்தப் படி உண்டாமே?

சில மாடல்களில் உண்டும்மா. ஆக்டிவா 6ஜி-யில் மூன்று படி இருக்கிறது. தனியாகப் போனால் முதல் படியே போதும்.

வாணியம்பாடியிலிருந்து: நண்பனை ஏற்றிக்கொண்டு ஏலகிரி போகிறேன். சொகுசாக இருக்கட்டும் என்று முதல் படியிலேயே விடலாமா?

வேண்டாம் தம்பி. 14 கொண்டை ஊசி வளைவுகளில் பின்பக்கம் தொங்கினால் முன் சக்கரத்தில் பாரம் குறைந்து, வண்டி வளைவை விட்டு வெளியே அகன்று போகப் பார்க்கும். சாயும்போது ஸ்டாண்டும் தரையில் உரசலாம். கிளம்புமுன் இரண்டு மூன்று படி ஏற்றி, சங்கிலியின் தொய்வையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.