தெருச் சுவரில் ஓவியம் வரைய அந்தப் பகுதி மக்களை எப்படி ஈடுபடுத்துவது?

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் ஏதோ தொண்டு நிறுவனத்திலோ கல்லூரிக் குழுவிலோ இருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. சுவர் கிடைத்துவிட்டது, டிசைனும் தயார், ‘மக்கள் பங்கேற்பு’ மட்டும்தான் பாக்கி. அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள். அப்படித்தான் என்றால், ஏற்கெனவே தாமதம். குழந்தைகளின் உள்ளங்கையில் பெயிண்ட் தடவிச் சுவரில் பதிய வைத்துப் போட்டோ எடுப்பீர்கள், அவ்வளவுதான் நடக்கும்.

நான் ஓவிய வாத்தியார். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காலனியில், ரேஷன் கடையை ஒட்டிய நீளச் சுவரை அங்கிருப்பவர்களோடு சேர்ந்து வரைந்திருக்கிறேன். பணம் கொடுத்தவர்கள் ஒரு படத்தைக் கையில் கொடுத்தே அனுப்பினார்கள்: பெண்கள் கூடை முடைகிறார்கள், பக்கத்தில் ஒரு மயில், மேலே சூரியன். அங்கே பல வீடுகளில் கூடை முடைவதுதான் பிழைப்பு என்பதால் அந்த யோசனை. கூட்டம் போட்டுக் காட்டினோம். எல்லோரும் தலையாட்டினார்கள். சும்மா வருவதைப் பேசிக் கெடுப்பானேன் என்று நினைத்திருப்பார்கள்.

அப்புறம் நோட்டும் பென்சிலுமாக ரேஷன் வரிசையில் போய் நின்றேன். அங்கேதான் வாய் திறந்தார்கள். ஒரு அக்கா சொன்னார்: “நாள் பூரா கூடை பின்னி விரல் கிழியுது. அதைச் சுவத்துல வேற பாக்கணுமா சார்? எம் பொண்ணு நர்சுக்குப் படிக்குது, அதைப் போடுங்க.” ஒரு ஆயாவுக்கு, ரோடு போட வெட்டிய புளியமரம் வேண்டும். பையன்களுக்குக் கபடி. மயிலை ஒருவரும் கேட்கவில்லை. இதைப் பணம் கொடுத்தவர்களை ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வரைவது அதைவிடச் சுலபம்.

நிறம் இன்னொரு தலைவலி. நம் ஊரில் கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரு கட்சி, நீலமும் சிவப்பும் வந்தால் இன்னொரு கட்சி. கபடிப் பையன்களின் பனியனுக்கு என்ன நிறம் என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசினார்கள். வெளியூர் டிசைனருக்கு இது சிரிப்பாக இருக்கும். அந்தப் பேச்சு நடக்காமல் இருந்தால் சுவரில் சாணி விழுந்திருக்கும்.

வரையும் முறை பழைய சினிமா பேனர் முறைதான். சின்னப் படத்தில் கட்டம் போட்டு, சுவரில் நூலடித்து அதே கட்டங்களைப் பெரிதாகப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் மாற்றுவது. தன்னார்வலர்களாக வந்த மாணவர்களுக்கு இதை விளக்கி என் தொண்டை காய்ந்தது. பெண்கள் பார்த்தவுடன் “புள்ளிக்கோலம் மாதிரிதானே” என்று சாக்பீஸை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் புடவையோடு சாரத்தில் ஏறச் சொல்ல முடியுமா? கை எட்டும் உயரம்வரை அவர்கள், அதற்கு மேல் நாங்கள். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் 1984-ல் தொடங்கிய சுவரோவியத் திட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மெல்லிய துணியில், எண் போட்ட பகுதிகளாக, உட்கார்ந்த இடத்திலேயே நிறம் தீட்டி, பிறகு சுவரில் ஒட்டிவிடுகிறார்கள். சிறைக் கைதிகள்கூட அப்படி வரைந்திருக்கிறார்கள். உங்களிடம் பணமிருந்தால் முயன்று பாருங்கள்.

‘தண்ணீர் வராத இடத்தில் ஓவியம் எதற்கு’ என்று யாராவது கமெண்டில் கேட்பீர்கள், தெரியும். 2020-ல் சென்னை கண்ணகி நகரில் மாநகராட்சியோடு சேர்ந்து ஸ்டார்ட் இந்தியா (St+art India) என்ற தெருவோவிய அமைப்பு அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைந்தது. அங்கே இருப்பவர்கள் நகரத்துக் குடிசைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய் விடப்பட்ட மக்கள். முகவரியைச் சொன்னாலே வேலை தரத் தயங்குவார்கள் என்பது அவர்களின் பழைய குறை. பெயிண்ட் அடித்தால் குழாயில் தண்ணீர் வரும் என்று நானும் சொல்லவில்லை. படம் பார்க்கவாவது நாலு பேர் அந்தப் பக்கம் போகிறார்கள்.

இன்னொன்று, கூலி. சாரம் கட்டுபவருக்கு உண்டு, பட்டி பார்ப்பவருக்கு உண்டு. ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு வரும் பெண்களுக்கு மட்டும் டீயும் சான்றிதழுமா? கலைக்கு விலை பேசுகிறேன் என்று திட்டுங்கள், பரவாயில்லை. 2012-ல் அரசுப் பள்ளிகளுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்களே, அதில் நானும் ஒருவன். ஓவியம், உடற்பயிற்சி, தையல் எல்லாம் அதில் அடக்கம். வாரத்துக்கு மூன்று அரை நாள், அப்போது மாதம் ஐயாயிரம், மே மாதம் சம்பளமே கிடையாது என்று இருந்தது. மே மாதம் ஓவிய வாத்தியாருக்குப் பசிக்காதா? ஆனால் ஆண்டுவிழா மேடை அலங்காரம், தலைவர் படம், வருகிறவர் பெயரைப் பலகையில் எழுதுவது எல்லாவற்றுக்கும் நான்தான். ‘உங்களுக்கு இது அஞ்சு நிமிஷ வேலை சார்’ என்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதுப் பூச்சு என்றால் 28 நாளாவது காயவிட்டுப் பிரைமர் அடியுங்கள். ஓதம் ஏறும் சுவரைத் தொடவே தொடாதீர்கள், உப்புப் பூத்துப் பொரிந்துவிடும். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வெயிலில் வெளுக்கும், காவி நிற்கும். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். மிச்ச பெயிண்டை எடுத்துக்கொண்டு போகாமல், அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில் பிரஷ்ஷோடு கொடுத்து வையுங்கள். அடுத்த வருடம் டச்சப் தேவைப்படும்போது நீங்கள் போனை எடுப்பீர்களோ என்னவோ.