பழைய மாருதி 800 கதவின் அடியில் துரு: பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்தால் போதுமா?

போதாது. பெயிண்ட் கொப்பளித்திருந்தால் துரு பெரும்பாலும் உள்ளிருந்து வந்திருக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். அப்பளம்போல நொறுங்கினால், நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்வதுதான் வழி. துருவின் மேலேயே பட்டி பூசித் தருபவர்கள் உண்டு. பட்டி ஈரத்தை உறிஞ்சும், அடுத்த மழைக்காலத்தில் கொப்புளம் திரும்பிவிடும்.

மேலோட்டமான துரு என்றால் உப்புத்தாளால் பளபளப்பான வெறும் தகடு தெரியுமளவு தேய்த்து, அன்றே எபாக்ஸி பிரைமர் (ஈரம் புகாமல் காக்கும் அடிப்பூச்சு) அடியுங்கள். வெறும் தகட்டை இரவு முழுக்க விடக்கூடாது.

கண்ணாடி ரப்பர் வழியே இறங்கும் மழைநீர் வடிய, கதவின் அடி விளிம்பில் சிறு துளைகள் உண்டு. அவை சேறடைத்துக் கிடந்தால் தண்ணீர் உள்ளே தேங்கித் துருப்பிடிக்கும். ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். என் கதவிலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் கொட்டியது!