மணற்பாறையின் மேல் உருவான மலைமண் இருபொறையாக இருப்பது ஏன், அதன் இயல்புகள் என்ன?

மணற்பாறை சிதைந்தால் மணல்தானே மிஞ்ச வேண்டும், மலைச்சரிவில் அதன் மேல் மணலும் வண்டலும் களியும் கலந்த இருபொறை மண் எப்படி வந்தது, அது சாகுபடிக்கு ஏற்றதா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் எடுத்துப் பார்த்தால் இது நல்ல மண்தான். ஆனால் இந்த வகை மண்ணை அதன் நயத்தை, அதாவது மணல், வண்டல், களி கலந்திருக்கும் விகிதத்தை, மட்டும் வைத்து மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போகிறார்கள் என்பது என் கருத்து. அடியிலுள்ள பாறை எவ்வளவு அருகில் இருக்கிறது, அந்தப் பாறையில் எத்தகைய கனிமங்கள் இருந்தன என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகுதான் நயத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

மணற்பாறை என்பது வெறும் மணல் அன்று. குவார்ட்ஸ் என்ற கடினமான கனிமத்தின் மணிகளுக்கு இடையே ஃபெல்ட்ஸ்பார், மைக்கா என்ற வேறு கனிமங்களும் இருக்கும். மணிகளைப் பிணைத்து வைக்கும் பசையாக சிலிக்காவோ, சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டோ, இரும்பு ஆக்சைடோ, களியோ அமைந்திருக்கும். மழைநீரும் வேர்களும் பாறையைச் சிதைக்கும்போது குவார்ட்ஸ் ஏறக்குறைய மாறாமல் மணலாகவே நிற்க, ஃபெல்ட்ஸ்பார் மெல்ல மெல்லக் கயோலினைட் போன்ற களிக் கனிமமாக மாறுகிறது. பசையாக இருந்த களியும் விடுபட்டு மண்ணில் கலக்கிறது. பாறை அடுக்குகளின் இடையே மெல்லிய களிப்பாறைப் பட்டைகள் இருந்தால் வண்டலும் (மணலைவிட நுண்ணிய, களியைவிடப் பெரிய துகள்) களியும் இன்னும் கூடும். இவற்றோடு காற்று கொண்டுவந்து படியவைக்கும் நுண்தூசியும், மேற்சரிவிலிருந்து நகர்ந்து வரும் மண்ணும் சேர்ந்தே இருபொறை நயத்தை உண்டாக்குகின்றன. மாறாக, சிலிக்காவால் இறுகிய, ஏறத்தாழ முழுவதும் குவார்ட்ஸாலான பாறையின் மேல் மெல்லிய, கல் நிறைந்த மணல்தான் கிடைக்கும். அங்கே இருபொறை இருந்தால் அது வேறிடத்திலிருந்து வந்தது என்று சந்தேகிக்கலாம்.

அமெரிக்க வேளாண் துறையின் வகைப்பாட்டில் இருபொறை என்பது 7 முதல் 27 சதவீதம் களியும், 28 முதல் 50 சதவீதம் வண்டலும், 52 சதவீதத்துக்கு மேற்படாத மணலும் கொண்டது. மணற்பாறையின் மேல் இந்த எல்லைக்குள் வருவதைவிட, மணல் சற்றே கூடிய மணற்பாங்கான இருபொறையே அதிகம் கிடைக்கும். ஈர மண்ணைப் பிசைந்து கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நாடாவாகத் தள்ளிப் பாருங்கள், 2.5 சென்டிமீட்டர் நீளம் வருமுன் அது அறுந்துவிடும், விரல்களுக்கிடையே மணல் நறநறக்கும். அந்த மணியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் பளபளக்கும் குவார்ட்ஸ் தெரியும்.

குழி வெட்டினால் இன்னும் தெளிவாகும். மேலே சருகும் மட்கும் கலந்த கருமையான சில சென்டிமீட்டர்கள், அதன் கீழே பழுப்பு அடுக்கு, அதற்கும் கீழே மஞ்சள் அல்லது சிவப்புச் சாயல் கொண்ட, களி சற்று மிகுந்த அடுக்கு. இந்த மூன்றாவது அடுக்கில் ஒரு கட்டியை உடைத்து முகப்பைப் பார்த்தால், மெழுகு பூசியது போன்ற மெல்லிய பளபளப்பு இருக்கும். அது மேலிருந்து நீரோடு இறங்கிப் படிந்த களி. பின்னர் தட்டையான கற்கள் பெருகத் தொடங்கி, மண்வெட்டியால் சுரண்ட முடிகிற மென்பாறையும் அதன்பின் கடினப் பாறையும் வந்துவிடும். குளிர்ந்த, மழை மிகுந்த ஊசியிலைக் காடுகளில் கதை வேறு: அங்கே அமிலநீர் இரும்பையும் அலுமினியத்தையும் கரைத்து இறக்கிவிடுவதால், சாம்பல் நிறத்தில் வெளுத்த ஓர் அடுக்கும் அதன் அடியில் காபி நிற அடுக்கும் உருவாகும். இதனைப் பாட்சால் மண் என்பார்கள்.

ஒரே வகைப் பாறையிலிருந்து இரு வேறு மண் எழுவதற்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஹார்ட்செல்ஸ், டெகால்ப் என்ற இரண்டு மண் தொடர்களும் (ஒரே மாதிரி அடுக்கமைப்புள்ள மண்களுக்கு இடும் பெயர்) அமில மணற்பாறையின் சிதைவிலிருந்து உருவானவை. இரண்டிலும் பாறை 50 முதல் 100 சென்டிமீட்டர் ஆழத்திலேயே எதிர்ப்படும். ஆயினும் ஹார்ட்செல்ஸ் கல் குறைந்து, அடியில் களி திரண்டு, உழவுக்குப் பயன்படுகிறது. டெகால்பிலோ கற்கள் கனஅளவில் 35 சதவீதத்தைத் தாண்டுவதால் பெரும்பகுதி காடாகவே இருக்கிறது.

இனி நீர். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பயிர் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். கல் இல்லாத இருபொறை மண், 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் நீரைப் பயிருக்குக் கிடைக்கும் வகையில் தேக்கும். ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால் 225 மில்லிமீட்டர் சேமிப்பு. ஆனால் பாறை 60 சென்டிமீட்டரிலேயே வந்து, கனஅளவில் 30 சதவீதம் கல்லாகவும் இருந்தால், மிஞ்சுவது 63 மில்லிமீட்டர் மட்டுமே. வெயில் காலத்தில் பயிர் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் உறிஞ்சினால் பன்னிரண்டு நாள்களில் எல்லாம் தீரும். பாதி தீர்ந்ததுமே வாட்டம் தொடங்கிவிடும் என்பதால் உண்மையில் ஒரு வாரம்கூடத் தாங்காது. பாறையில் வெடிப்புகள் இருந்தால் மரவேர்கள் அவற்றுக்குள் நுழைந்து நீர் தேடிக்கொள்ளும். ஆழமற்ற வேருடைய பயிர்களுக்கு அந்த வழி இல்லை. இதே மண் கனமழையில் வேகமாக நீரை உள்வாங்கும். உள்வாங்கிய நீர் பாறையில் முட்டிப் பக்கவாட்டில் ஓடி அடிவாரத்தில் ஊற்றாகக் கசியும். செங்குத்தான சரிவில் மண் நனைந்து கனத்து, பாறையின் மேல் வழுக்கிச் சரிவதும் இதனால்தான்.

வளத்தைப் பொறுத்தவரை இது ஏழை மண். குவார்ட்ஸில் பயிருக்குக் கொடுக்க எதுவும் இல்லை. கயோலினைட் நேர் அயனிகளைப் பிடித்துவைக்கும் திறன் குறைந்தது. எனவே கால்சியமும் மக்னீசியமும் பொட்டாசியமும் மழையோடு இறங்கிவிட, கார அமில நிலை (pH) 4 முதல் 5.5 வரை தாழ்ந்துவிடுகிறது. 5-க்குக் கீழே கரைந்த அலுமினியம் வேர்நுனிகளைக் கருக்கும், மணிச்சத்தையும் முடக்கும். மண்ணின் வளம் பெரும்பாலும் மேலடுக்கின் மட்கில்தான் இருக்கிறது; அந்தச் சிறிய அடுக்கு அரித்துப் போனால் மீண்டும் உருவாக மிக நீண்ட காலம் ஆகும். கால்சைட்டால் பிணைந்த மணற்பாறையில் மட்டும் தொடக்கத்தில் அமிலம் குறைவாக இருக்கும்.

ஆகவே உங்கள் நிலத்தில் ஒரே இடத்தில் மட்டும் மண் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு நிறுத்தாதீர்கள். மேட்டு முகட்டிலும் நடுச்சரிவிலும் அடிவாரத்திலும் தனித்தனியே குழி வெட்டுங்கள். முகட்டில் ஒரு முழம் ஆழமே இருக்க, அடிவாரத்தில் ஆளுயரம் இருப்பது சாதாரணம். அமில நிலை மாறாமல் எதிர்த்து நிற்கும் தாங்குதிறன் இந்த மண்ணுக்குக் குறைவு என்பதால் களிமண்ணுக்குத் தேவைப்படும் அளவைவிடக் குறைந்த சுண்ணாம்பிலேயே அமிலம் தணியும், ஆனால் விரைவில் திரும்பவும் ஏறும். சிறிது சிறிதாக, சோதித்துப் பார்த்துப் பார்த்து இடுவதே சரி. தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் ஒரே தவணையில் கொட்டினால் பாதி நீரோடு போய்விடும். மூடாக்கும் சம உயர வரப்பும் இல்லாமல் சரிவில் உழக் கூடாது. அரை மீட்டருக்குள் பாறை வந்துவிடுகிற செங்குத்தான பகுதியை மரங்களுக்கு விட்டுவிடுங்கள். அங்கே உழுது கிடைக்கும் விளைச்சல், இழக்கும் மேல்மண்ணுக்கு ஈடாகாது.