நகரம் பெருகியதால் ஓர் இயற்கை ஊற்று பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று எப்படி மதிப்பிடுவது?

சில ஆய்வுகள் ஊற்றில் வரும் நீரின் அளவோடு நின்றுவிடுகின்றன. அது போதாது. சாலையும் கட்டடமும் மண்ணை மூடினால் மழைநீர் கீழே இறங்குவது குறையும். ஆனால் அதே நகரத்தின் குடிநீர்க் குழாய்களும் சாக்கடைகளும் ஒழுகி நிலத்தடிக்கு நீர் சேர்க்கும். இதனால் ஊற்று முன்போலவே, சில இடங்களில் முன்னைவிடக் கூடுதலாகவும் ஓடலாம். எனவே எவ்வளவு வருகிறது என்பதோடு எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில் ஊற்றுக்கு நீர் தரும் பரப்பை வரையறுங்கள். தரையின் சரிவை மட்டும் நம்பினால் தவறிவிடும். பாறை அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ, வெடிப்பு எப்படி ஓடுகிறதோ, அதன்படி குன்றின் மறுபக்கத்து மழைகூட இங்கே வெளிவரலாம். சுண்ணாம்புப் பாறையில் இது சாதாரணம். அங்கே மழைநீர் இறங்கும் இடத்தில் ஒளிரும் சாயத்தைக் கரைத்துவிட்டு, அது ஊற்றில் வெளிவருகிறதா என்று பார்ப்பதே நம்பகமானது. பரப்பு தெரிந்தபின், 1980கள் முதல் கிடைக்கும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் (30 மீட்டர் துல்லியம்) எவ்வளவு நிலம் எப்போது மூடப்பட்டது என்று கணக்கிடலாம்.

ஓட்டத்தை அளக்க, சிறிய ஊற்றுக்கு வாளியும் நிறுத்துக் கடிகாரமும் போதும். 10 லிட்டர் 20 வினாடியில் நிறைந்தால் விநாடிக்கு 0.5 லிட்டர். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். 5 வினாடிக்குள் நிறைந்தால் பெரிய பாத்திரம் தேவை. பெரிய ஊற்றுக்கு, நீர் ஓடும் வழியின் குறுக்கே 90 பாகை 'வி' வெட்டுள்ள தடுப்புப் பலகை வையுங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 10 செ.மீ. நின்றால் விநாடிக்கு ஏறத்தாழ 4.4 லிட்டர். அந்த உயரத்தைப் பலகையை ஒட்டி அளக்கக் கூடாது. அங்கே நீர்மட்டம் தாழ்ந்துவிடும். உயரத்தைப் போல மூன்று நான்கு மடங்கு தூரம் பின்னால், நீர் வரும் பக்கத்தில் அளவுகோலை நிறுத்துங்கள். பலகைக்கு அடியில் கசிவு இருந்தால் எல்லாக் கணக்கும் வீண். களிமண் அடைத்து மூடுங்கள்.

மாதம் ஒருமுறை அளவு, கூடவே மழையளவு, குறைந்தது ஓர் ஆண்டு. ஒப்பிட வேண்டியது கோடைக்கால ஓட்டத்தைத்தான். மழைக்கு மறுநாள் அளந்த எண்ணை வைத்து வாதாடுவதில் பயனில்லை.

இனி நீரின் தன்மை. வெப்பநிலை, மின்கடத்துதிறன் (கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டுவது), குளோரைடு, நைட்ரேட், மலக்கலப்பைக் காட்டும் கிருமியான ஈ.கோலை ஆகியவை அடிப்படை. நைட்ரேட் மட்டும் உயர்ந்தால் உரமாகவும் இருக்கலாம். உலக சுகாதார அமைப்பின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது குடிப்பதற்கான அளவுகோல், மூலத்தைச் சொல்லாது. சலவைத்தூளிலிருந்து வரும் போரான், உடலில் செரிக்காமல் வெளியேறும் செயற்கை இனிப்பான அசெசல்ஃபேம் இரண்டும் சேர்ந்து தென்பட்டால் சாக்கடைமேல் சந்தேகம் வலுக்கும். குழாய்நீரைக் கண்டுபிடிக்கக் குளோரின் சோதனை உதவாது, மண்ணில் வரும் வழியிலேயே அது அழிந்துவிடும். கிருமிச் சோதனைக்கான மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்து, கூடியவரை 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேருங்கள்.

ஓட்டம் குறைந்திருந்தாலும் காரணம் கான்கிரீட் என்று உடனே எழுதிவிடாதீர்கள். அதே வகைப் பாறையில், கட்டடம் அதிகமில்லாத இன்னோர் ஊற்றையும் அதே நாட்களில் அளந்து வாருங்கள். இரண்டும் சேர்ந்து குறைந்தால் மழைக்குறைவே முதல் சந்தேகம். நீங்கள் ஆராயும் ஊற்று மட்டும் குறைந்தால், தடுப்புப் பலகைக்குப் பின்னால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் நீர்மட்ட உணரியை வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் மட்டம் இறங்கி ஏறினால், பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளின் மோட்டார் ஓடும் நேரத்தோடு பொருத்திப் பாருங்கள்.