40 ஜிபி ஆகிவிட்டது, மாதாமாதம் வேக்யூம் ஃபுல் ஓட்டலாமா?

அரிசி ஆலைக் கணக்கு போஸ்ட்கிரஸ் (PostgreSQL) டேட்டாபேஸில் இருக்கிறது, 40 ஜிபி தாண்டிவிட்டது, டேபிளைப் புதிதாக எழுதிக் கோப்பைச் சுருக்கும் வேக்யூம் ஃபுல் கட்டளையை மாதாமாதம் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் ஆலைகளுக்கும் உரக்கடைகளுக்கும் மென்பொருள் பார்த்துக்கொடுக்கிறேன். கோப்பின் அளவையோ காலண்டரையோ வைத்து இதை முடிவு செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நெல் லாரி எடைமேடையில் ஏறியதும் ஒரு பதிவு விழுகிறது. அப்புறம் ஈரப்பதம், காலி வண்டி எடை, மூட்டைக் கணக்கு, பட்டுவாடா என்று அதே பதிவை நாலைந்து தடவை திருத்துகிறோம். போஸ்ட்கிரஸ் ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதுப் பதிவு எழுதிவிட்டுப் பழையதைச் செத்ததாக விட்டுவிடும். பின்னணியில் தானாக ஓடும் ஆட்டோவேக்யூம் வந்து அந்த இடத்தை மறுபடி பயன்படுத்தலாம் என்று குறித்துவைக்கும். கோப்பு பெரும்பாலும் சுருங்காது. சுருங்கவும் வேண்டாம். சம்பா நெல் வரத்தின்போது பெருத்த இடத்தில் அடுத்த குறுவைப் பதிவுகள் உட்காரும்.

பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ் (pg_stat_user_tables) என்ற புள்ளிவிவரப் பட்டியலில் உயிருள்ள, செத்த பதிவுகளின் எண்ணிக்கை இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். செத்தவை சுமார் 20 சதவீதம் ஆனால்தான் ஆட்டோவேக்யூம் கிளம்பும், அதுதான் இயல்பு அமைப்பு. ஒரு கோடிப் பதிவுள்ள டேபிளில் அது 20 லட்சம்! அந்த டேபிளுக்கு மட்டும் இந்த விகிதத்தை, அதாவது ஸ்கேல் ஃபேக்டரை (autovacuum_vacuum_scale_factor), 0.2-லிருந்து 0.02 ஆக்குங்கள். வேக்யூம் ஓடியும் செத்த பதிவுகள் குறையவில்லையா? யாரோ டிரான்சாக்‌ஷனைத் திறந்து கமிட் செய்யாமல், அதாவது முடித்துவைக்காமல், வைத்திருக்கலாம். அதை மூடாதவரை வேக்யூம் ஃபுல்லாலும் அந்தக் குப்பையை எடுக்க முடியாது.

பழைய வருடங்களை மொத்தமாக அழித்துவிட்டீர்கள், டேபிள் இனி அந்த அளவுக்கு வளராது, டேபிளின் காலியிடத்தை அளக்கும் பிஜிஸ்டாட்டப்பிள் (pgstattuple) நீட்சி பாதிக்கு மேல் காலியிடம் காட்டுகிறது என்றால் சரி, அப்போது சுருக்கலாம். ஆனால் வேக்யூம் ஃபுல் ஓடும்வரை அந்த டேபிளைப் படிக்கக்கூட முடியாது, புது நகலுக்கு டிஸ்கில் இடமும் வேண்டும். லாரிகள் வரிசை கட்டி நிற்கும் தை, மாசியில் தொடாதீர்கள். வரத்து ஓய்ந்த பிறகு ஒரு ராத்திரி, பேக்கப் எடுத்துவிட்டு ஓட்டுங்கள், முடிந்ததும் டேபிளின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸும் ஓட்டுங்கள். நிறுத்தவே முடியாத ஆலை என்றால், டேபிள் பயன்பாட்டில் இருக்கும்போதே சுருக்கும் பிஜி_ரீபேக் (pg_repack) என்ற தனிக் கருவி இருக்கிறது. அதற்கும் அதே இடம் வேண்டும், ஆனால் பூட்டு தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது நேரம்தான். இண்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) மட்டும் பெருத்திருந்தால், போஸ்ட்கிரஸ் 12ஆம் பதிப்பிலிருந்து ரீஇண்டெக்ஸ் கன்கரன்ட்லி (REINDEX CONCURRENTLY) கட்டளை போதும்.

வருடா வருடம் பழைய கணக்கை அழிப்பவர் என்றால் டேபிளை வருடவாரியாகப் பார்ட்டிஷன் செய்து, அதாவது தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து, விடுங்கள். பழைய வருடத்தை டிராப் செய்தாலே இடம் திரும்பிவிடும்.