எலி கடித்த ஒயர்

வணக்கம் சார்,

மன்னார்குடி பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறேன். டிப்ளமோ படித்தவன், வயது 36. ஆலையில் சிப்பம் அடுக்க ரோபோ வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வந்தால் என் வேலை நிலைக்குமா என்று பயமாக இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனம் 45 நாளில் ரோபாட்டிக்ஸ், ஆட்டோமேஷன் இரண்டும் சொல்லித்தருகிறது. வேலைக்கு உத்தரவாதம் என்கிறார்கள். மனைவியின் நகையை அடகு வைத்தால் பணம் கட்டிவிடலாம். போகலாமா? எந்தக் கம்பெனி பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் சின்னக் கம்ப்யூட்டர்) படித்தால் மதிப்பு? இங்கிலீஷ் எனக்குச் சரளமாக வராது, அது தடையா?

போன வாரம் எங்கள் நெல் எலிவேட்டர் (நெல்லை மேலே ஏற்றும் இயந்திரம்) ஸ்டாப் பட்டனை அமுக்கியும் நிற்கவில்லை. பார்த்தால் எலி ஒயரைக் கடித்து அறுத்திருக்கிறது. ஒயரை மாற்றிவிட்டேன். இந்த மாதிரி வேலையே பார்த்துக்கொண்டிருந்தால் காலம் போய்விடும் என்று தோன்றுகிறது.

ஆர்., மன்னார்குடி

அன்புள்ள ஆர்.,

முதலில் நகையை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கேள்விகளைவிட, கேள்வி என்றே நினைக்காமல் கடைசியில் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போனீர்களே, அந்த எலிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இந்தப் பயிற்சி வகுப்புகள் எதைச் சொல்லித்தராமல் விடுகின்றன என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். "ஒயரை மாற்றிவிட்டேன்" என்று நீங்கள் முடித்ததைப் படித்ததும் கோபம்தான் வந்தது. ஸ்டாப் பட்டனின் ஒயர் அறுந்த நொடியே எலிவேட்டர் தானாக நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அப்படியானால் தப்பு எலி வருவதற்கு முன்பே உங்கள் கன்ட்ரோல் பேனலில் இருந்திருக்கிறது, இன்னமும் இருக்கிறது.

ஸ்டார்ட் பட்டன் என்.ஓ. (அமுக்கினால்தான் கரன்ட் போகும்), ஸ்டாப் பட்டன் என்.சி. (அமுக்காதவரை கரன்ட் போகும், அமுக்கினால் அறுபடும்). டிப்ளமோவில் படித்ததுதான். பழைய ரிலே பேனலில் இதில் யாரும் தவற மாட்டார்கள். மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் சுவிட்சான கான்டாக்டரின் காயிலுக்குப் போகும் கரன்ட்டே ஸ்டாப் பட்டனுக்குள் புகுந்துதான் போகும். ஒயர் அறுந்தாலும், ஸ்க்ரூ தளர்ந்தாலும் காயில் விட்டுவிடும், மோட்டார் நின்றுவிடும். பிஎல்சி வந்த பிறகுதான் குழப்பம். என்.சி. பட்டனை இன்புட்டில் மாட்டினால், யாரும் அமுக்காதபோது அந்த இன்புட்டில் 24 வோல்ட் நிற்கும். ஆகவே லேடரில் (பிஎல்சி புரோகிராமை வரையும் படம்) அதைத் திறந்த கான்டாக்டாகத்தான், அதாவது இன்புட்டில் வோல்ட் இருந்தால் வழிவிடுவதாகத்தான், வரைய வேண்டும். புதிதாகக் கற்றவர், பட்டன் என்.சி. ஆயிற்றே என்று படத்திலும் மூடிய கான்டாக்டைப் போடுகிறார். மோட்டார் ஓடாது. அரை மணி நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, புரோகிராமைத் தொடாமல் பட்டனைக் கழற்றி என்.ஓ. எலிமென்ட்டை மாட்டிவிடுகிறார். மோட்டார் ஓடுகிறது, பட்டனை அமுக்கினால் நிற்கவும் செய்கிறது. எல்லாருக்கும் திருப்தி. ஒயர் அறுந்த அன்றைக்குத்தான் தெரியும், அதுவும் யாராவது அவசரமாக அமுக்கும்போது.

உங்கள் பேனலில் நடந்திருப்பது அநேகமாக இதுதான். சரிசெய்யும்போது பட்டன் எலிமென்ட்டையும் லேடரையும் ஒரே ஷட்டவுனில் மாற்றுங்கள். பட்டனை மட்டும் மாற்றினால், ஸ்டாப்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் கொடுத்தால்தான் எலிவேட்டர் ஓடும் என்ற கூத்தாகிவிடும். சிவப்புக் காளான் பட்டன், அதாவது எமர்ஜென்சி ஸ்டாப், இந்தக் கணக்கில் சேராது. அது பிஎல்சியை நம்பியே இருக்கக்கூடாது. சேஃப்டி ரிலே வழியாக கான்டாக்டரை நேராக வெட்ட வேண்டும்.

ஒரு பட்டனுக்கு இவ்வளவா என்று கேட்காதீர்கள். "ஒயர் அறுந்தால் என்ன ஆகும்?" என்று ஆலையில் உள்ள ஒவ்வொரு சிக்னலிடமும் கேளுங்கள். மோட்டாரை அதிகச் சுமையிலிருந்து காக்கும் ஓவர்லோட் ரிலேயில் 97-98ஐ (ட்ரிப் ஆனால் மூடும் முனைகள்) பிஎல்சிக்குக் கொடுத்திருந்தால் அறுந்த ஒயர் "எல்லாம் சுகம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும்; 95-96ஐ (ட்ரிப் ஆனால் திறக்கும் முனைகள்) கொடுத்தால் ட்ரிப் காட்டும். நெல் தொட்டி நிரம்பியதைச் சொல்லும் சென்சார், ஒயர் அறுந்தால் "நிரம்பிவிட்டது" என்று பொய் சொல்ல வேண்டும். காலியானதைச் சொல்வது "காலி" என்று பொய் சொல்ல வேண்டும். எலிவேட்டரின் அடி ஷாஃப்டில் போல்ட் தலையை எண்ணுகிற பிராக்ஸிமிட்டி சென்சார் இருக்கிறதா? பெல்ட் வழுக்கினால் சில விநாடிக்குள் மேலிருந்து வரும் நெல்லை நிறுத்துவது அதுதான். ஒயர் அறுந்தாலும் துடிப்பு நின்றுவிடுவதால் அது இயல்பாகவே பத்திரமானது. ஆனால் ஓடத் தொடங்கும் முதல் சில விநாடிகளுக்கு அதைப் பார்க்காமல் விட ஒரு டைமர் வேண்டும். அந்த டைமரைப் போடத் தெரியாதவர்கள் சென்சாரையே பைபாஸ் செய்துவிடுகிறார்கள். அப்புறம் ஒருநாள் அடிப்பெட்டி அடைத்துக்கொள்ளும், ஆள் இறங்கி நெல்லைக் கையால் அள்ள வேண்டியிருக்கும்.

இயந்திரங்களை ஓடவிடும் வரிசையும் அப்படித்தான். கடைசி இயந்திரம் முதலில் ஓட வேண்டும், நெல் விடும் கேட் கடைசியில் திறக்க வேண்டும். வடிகாலைப் பார்க்காமல் மதகைத் திறந்தால் வயல் என்ன ஆகும் என்று உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரோபோ பக்கம் போனாலும் கேள்வி இதேதான். "காற்று போனால்?" என்பது மட்டும் கூடுதல். சாக்குப் பையை வேக்குவம் கப்பில் தூக்க முடியாது, இழை வழியாகக் காற்று கசியும், அதனால் நகம் மாதிரி விரல் உள்ள கிரிப்பர் வேண்டும். அது காற்றழுத்தத்தில் இயங்குவது. அதை ஒற்றைக் காயில் வால்வில் ஓட்டினால் கரன்ட் போனதும் ஸ்பிரிங் வால்வைத் திருப்பிவிடும், விரல் திறந்து சிப்பம் விழலாம். இரட்டைக் காயில் வால்வு இருந்த இடத்திலேயே நிற்கும். காற்று இறங்காமலிருக்க சிலிண்டரிலேயே ஒரு செக் வால்வும் (காற்றைத் திரும்ப விடாத வால்வு) வேண்டும். அடுத்தது எடை. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்ததும் ஆலைகள் 26 கிலோவுக்குத் தாவின (நம்மவர்களின் கணக்கறிவை யாரும் குறை சொல்ல முடியாது). 26 கிலோ தூக்கும் ரோபோ போதும் என்று முதலாளி நினைப்பார். கிரிப்பர் 25 கிலோ என்றால் மொத்தம் 51. அந்த எடையையும் அது ரோபோ கையின் முனையான ஃபிளாஞ்சிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறது என்பதையும் கன்ட்ரோலரில் சரியாக எழுதவில்லையென்றால், எதிலுமே இடிக்காமல் "இடித்துவிட்டேன்" என்று அலாரம் அடித்து நிற்கும்.

சரி, உங்கள் கேள்விகள். எந்தக் கம்பெனி பிஎல்சி? எதுவானாலும் சரி, விடுங்கள். இங்கிலீஷ்? அலாரத்தைப் படித்து மேனுவலில் அந்த எண்ணைத் தேடத் தெரிந்தால் போதும். வேலை உத்தரவாதம் என்ற பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள்.

பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணம் கட்டுமுன் ஒன்றைக் கேளுங்கள்: பெண்டன்ட் (ரோபோவைக் கையில் பிடித்து இயக்கும் கருவி) என் கையில் மொத்தம் எத்தனை மணி நேரம் இருக்கும்? ஒரு ரோபோ, இருபது பேர், பத்து நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என்றால் தலைக்கு மூன்று மணி நேரம்தான். மீதியெல்லாம் கம்ப்யூட்டர் திரையில். திரையில் ரோபோ இடித்தால் சிவப்பாகும், அவ்வளவுதான். பெண்டன்ட்டில் உள்ள மூன்று நிலை எனேபிள் சுவிட்சைப் பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் ரோபோ நிற்கும், விட்டாலும் நிற்கும் என்பதைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும். மேனுவல் முறையில் ஓட்டும்போது விநாடிக்கு 250 மில்லிமீட்டர்தான் உச்ச வேகம், அதுவே பக்கத்தில் நின்றால் எவ்வளவு வேகம் என்பதும் அப்படித்தான். பழுதை வேண்டுமென்றே வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்களா என்றும் கேளுங்கள். இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அதற்கு முன், தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 (ரோபோ, ஆட்டோமேஷன் போன்ற நவீனத் தொழில்நுட்பம்) மையங்களாக மாற்றியிருக்கிறது. ரோபோ இருக்கும் மையம் பக்கத்தில் எது, வேலையில் இருப்பவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று நேரில் போய் விசாரியுங்கள். திருச்சி என்ஐடியில் சீமென்ஸ் மையமும் இருக்கிறது. தை அறுவடை நெல் வருவதற்குள் முடிகிற மாதிரி பாருங்கள்.

உங்கள் வேலை போகாது. ரோபோ நின்றுபோனால் இரவு பதினொரு மணிக்கு வந்து பார்க்க ஆலைக்கு ஒரு ஆள் வேண்டும், கம்பெனி ஆள் மறுநாள் மதியம்தான் வருவார். ஆனால் சிப்பம் தூக்குகிறவர்கள் என்ன ஆவார்கள் என்று நீங்கள் கேட்கவே இல்லை. உங்களைவிட அவர்களுக்குத்தான் அது அவசரம். அவர்களில் ஒருவரையாவது ரோபோவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கிழிந்த பையையும் சரிந்த அடுக்கையும் பார்த்துக்கொள்ளப் பழக்குங்கள். பை எப்படிச் சரியும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது.

நாளைக்கு ஒன்று செய்யுங்கள். எலிவேட்டரில் நெல் இல்லாதபோது மெயினை அணைத்துப் பூட்டு போடுங்கள். ஸ்டாப் பட்டனிலிருந்து ஒரு ஒயரைக் கழற்றி, முனையை டேப் சுற்றி ஒதுக்குங்கள். ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெயினைப் போட்டு ஸ்டார்ட் பட்டனை அமுக்குங்கள். எலிவேட்டர் அசையக்கூடாது. அசைந்தால் உடனே மெயினை அணைத்துவிட்டு, அந்த லேடரைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.